நீல மூடி டப்பாவும் கலாவோட விரதமும்

இல்ல கணேசா, நீ சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கிறவளுக்கு எதுக்கு இந்த நாயம் தர்மமெல்லாம்னு கேக்குற பாரு, எனக்குத் தெரிஞ்சு அது எங்களுக்குத்தான் ரொம்ப வேணும். துணிக்கடையில தப்பான துணியக் குடுத்துட்டா மறுநா போயி மாத்திக்கலாம். ஒன் காய்கறிக் கடையில சொத்தக் கத்திரிக்காய நீ உள்ள தள்ளி விட்டா வீட்டுல வெட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சிருவாங்க. நான் தட்டுல வெச்சது உள்ள போயிருச்சுன்னா போனதுதான். யாராலயும் வெளிய எடுக்க முடியாது. அதனால எங்க தொழில்ல கரண்டியக் கையில எடுத்ததுலேருந்து எது சரி எது தப்புன்னு மனசுக்குள்ள பேசிக்கிட்டேதான் இருக்கணும்.

"அந்தக் கலாகிட்ட சொல்லாம விட்டிருந்தா யாருக்குக்கா என்ன கொறஞ்சு போயிருக்கும்? பாவம், இன்னொரு நாப்பத்தெட்டு நாளு விரதத்த அது தலையில கட்டிட்டீங்க"ன்னு சொல்லிப்புட்டு, என் வீட்டு டீயவே குடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்க. குடி, குடி. பதில் ஒரே வார்த்தையில வராது. எனக்கு எதுவுமே ஒரே வார்த்தையில வராதுன்னு பத்து வருஷமா பக்கத்துக் கடையில இருக்கிற ஒனக்குத் தெரியாதா?

பீடோங் பாசார் ஓரத்துல நான் சாப்பாட்டு ஒட்டுக்கடை போட்டு முப்பது வருஷமாச்சு. பெண்டாங்குல பள்ளிக்கூடக் கேண்டீன் எடுத்து நடத்துறவங்க, யான் ஊருப் பக்கம் வயலோரத்துல பந்தல் போட்டு மீ கோரேங் நூடுல்ஸ் வறுத்து விக்கிறவங்க, எல்லாரும் கேளுங்க. ஒங்களுக்கும் இதுமாதிரி நடந்திருக்கும். வெளிய சொல்லியிருக்க மாட்டீங்க, அவ்வளவுதான்.

சோத்துக்கு அடியில ஒரு முட்ட

முனியாண்டி பஸ் ஓட்டுறவரு. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு நாப்பத்தெட்டு நாளு விரதம் இருப்பாரு. அவரா இருக்காரா, இல்ல அவரு பொண்டாட்டி இருக்க வெக்கிறாங்களான்னு எனக்கு இன்னும் வெளங்கல. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒருநா காலையில வந்து, அந்தப் பக்கம் பாத்தாரு, இந்தப் பக்கம் பாத்தாரு, கொரலத் தாழ்த்தி, "அக்கா, ஒரு முட்ட. சோத்துக்கு அடியில வெச்சு மூடிருங்க"ன்னாரு. நாசி லெமாக்குக்கு, அந்தத் தேங்காப்பால் சோத்துக்கு, முட்ட மேலதான் இருக்கணும். அடியில போனா அதுக்குப் பேரு சாப்பாடு இல்ல, கடத்தல்.

நானும் வெச்சுக் குடுத்துட்டேன். ஒருநா இல்ல, நாலு நா. அஞ்சாம் நா அவரு பொண்டாட்டியே கடைக்கு வந்து, "எங்க வீட்டுக்காரரு ஒழுங்கா இருக்காராக்கா?"ன்னு கேட்டாங்க. "நான் கடையப் பாக்கிறேம்மா, பஸ்ஸ நீங்க பாத்துக்குங்க"ன்னு சிரிச்சு மழுப்பிட்டேன். பொய்யும் சொல்லல, உண்மையும் சொல்லல. ஆனா அன்னைக்குப் பூரா என்னமோ பல்லுல நாரு மாட்டின மாதிரியே இருந்துச்சு. விரதம் அவரோடது. ஒடைக்கணும்னா அவரே ஒடச்சுக்கட்டும். அதுக்கு நான் ஏன் சோத்தப் போட்டு மூடணும்? மறுநா வந்தப்ப, இனிமே முட்ட மேலதான் இருக்கும், வேணும்னா சாப்பிடுங்க, இல்லாட்டி விடுங்கன்னு சொல்லிட்டேன். மனுஷனுக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு:

"என்னக்கா பெரிய நாயம் பேசுறீங்க, பொய் சொல்றது நான்தானே, நீங்க வெறும் சோத்த மூடுறீங்க, அவ்வளவுதான்லா!"

சிவப்பு நூல் கட்டின கரண்டி

என் கடையில விரதக்காரங்களுக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு, தனிக் கரண்டி. கரண்டிப் பிடியில சிவப்பு நூல் சுத்தி வெச்சிருப்பேன். இதென்ன, ஒங்கம்மா சொல்லிக்குடுத்த மொறையான்னு கேப்பாங்க. எங்கம்மா எங்க சொல்லிக்குடுத்தாங்க? ரப்பர்ப் பால்மரத் தோட்டத்துல அவங்ககிட்ட இருந்ததே ஒரு சட்டி, ஒரு கரண்டி. இது எங்க வீட்டுக்காரராலதான் வந்துச்சு. கடை தொறந்த மொத வருஷம் ஒத்தாச பண்றேன்னு வந்து, கோழிக் கரண்டியத் தூக்கிச் சாம்பார்ல போட்டாரு. அந்தச் சாம்பார அப்படியே சாக்கடையில ஊத்திட்டு, அன்னைக்குச் சாயங்காலம் வாங்கினதுதான் அந்த நூலு. அவர அதுக்கப்பறம் காசு வாங்குற மேசையோட நிப்பாட்டி வெச்சேன். போயிச் சேர்ற வரைக்கும் அந்தக் கோவம் அவருக்கு இருந்துச்சு. சரி, அது வேற கத.

கலாவப் பத்திச் சொல்லணும். கையுறை செய்யிற ஃபேக்டரியில அவளுக்கு நைட் ஷிஃப்ட்டு. காலையில ஃபேக்டரி பஸ் பாசார் முன்னால எறக்கி விடும். நேரா என் கடைக்குத்தான் வருவா. அவ புருஷன் சேகரு செம்பனத் தோட்டத்துல பழக் கொல அறுக்கிறவன். நீட்டுக் கழியில அருவாள மாட்டி, அண்ணாந்து பாத்துக்கிட்டே இழுக்கணும். தீபாவளி முடிஞ்ச மறுவாரம், மட்ட விழும்போது ஒரு முள்ளு நேரா வலது கண்ணுல எறங்கிருச்சு. அலோர்ஸ்டார் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி ஆபரேஷன் பண்ணாங்க. பார்வை வருமா வராதான்னு சொல்ல மாசக்கணக்கா ஆகும்னுட்டாங்க. புருஷனுக்குக் கண்ணு தெரியணும்னு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க நேந்துக்கிட்டா கலா.

வேல, ஆஸ்பத்திரி, வீடுன்னு ஓடுறவ எங்க தனியா சமைப்பா? காலையில என் கடையில ஒரு வேள, அதையே பொட்டலமா தப்பாவ் கட்டிக்கிட்டுப் போயி ராத்திரிக்கு ஒரு வேள. அந்த விரதத்துல பாதி என் கையிலதான் இருந்துச்சு. மத்தவங்க எல்லாம் தட்டு வாங்கும்போதே "சைவம்தானே? கரண்டி மாறலயே?"ன்னு கேப்பாங்க. கேக்கட்டும், அது அவங்க உரிம. கலா மட்டும் ஒருநாளும் கேட்டதில்ல. நீ ஏன்மா கேக்க மாட்டேங்குறன்னு நானே ஒருநா வாயக் குடுத்தேன். அதுக்கு அவ சொன்னா:

"நூல நான் பாக்கிறதே இல்ல பாட்டி, ஒங்க கையத்தான் பாக்கிறேன்."

ருசி கூடிப்போன மூணு நாளு

இந்த வருஷம் மார்கழியில எனக்கு வலது மணிக்கட்டு வீங்கிப்போச்சு. சோத்துக்குத் தொட்டுக்கிற சம்பலுக்கு மொளகா அரைக்க முடியல. சரின்னு பாசார் உள்ள சல்மா கடையில அரைச்ச மொளகா வாங்க ஆரம்பிச்சேன். சல்மா நல்ல மாதிரி. வெறும் மொளகா ஒரு டப்பா, வெள்ள மூடி. பெலாச்சான் சேத்து அரைச்சது இன்னொரு டப்பா, நீல மூடி. பெலாச்சான்னா தெரியும்ல, கூனி எறாலக் காய வெச்சு இடிச்ச கட்டி. அது கொஞ்சம் பட்டாலே சைவம் போச்சு. மொதநாளே வெள்ளையத் தொறந்து காட்டி, "ஆண்டி, ஒங்களுக்கு இதுதான்"னு சொல்லிட்டா.

தைப்பூசத்துக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது ஒருநா போறேன், சல்மா கடையில இல்ல. பின்னால தண்ணி புடிக்கப் போயிருந்தா. நானே எடுத்துக்கலாம்னு பாத்தா வெள்ள மூடி ஒண்ணுகூட இல்ல. நீல மூடிதான் இருக்கு. தொறந்து பாத்தேன். அதே செவப்பு, அதே மொளகா. மூடியத்தான் மாத்திட்டா போலன்னு நானே முடிவு பண்ணி எடுத்துட்டு வந்துட்டேன். வாசன தெரியலையான்னு கேக்காதீங்க. முந்தி ஊரெல்லாம் அடைச்சுப் போட்டாங்களே அந்தக் காய்ச்சல், அதுல போன என் மூக்கு இன்னும் பாதிதான் திரும்பி வந்திருக்கு. பக்கத்துல கருவாட்டுக் கடை வேற. ஆனா ஒண்ணு சொல்லியாகணும். மறுநா காலையில வெங்காயம், புளி எல்லாம் போட்டு வதக்கும்போது, வேலைக்குக் கெளம்பிக்கிட்டிருந்த என் மருமவ விமலா, "அத்தை, என்னமோ வாசன வருதே"ன்னா. "பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் சமைக்கிறாங்கம்மா, நீ போ"ன்னு அனுப்பிட்டேன். ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்திருக்கலாம். பாக்கல.

மூணு நாளு அந்த மொளகாவுலதான் விரதச் சம்பல். மூணு நாளும் எனக்கு ஒரே பாராட்டு. தட்ட வழிச்சுச் சாப்பிடுறாங்க, இன்னொரு கரண்டி கேக்குறாங்க. கலா அந்த மூணு நாளும் ராத்திரிக்கும் அதே சம்பல்தான் கட்டிக்கிட்டுப் போனா. பெரிய வாத்தியாரா இருந்து ஓய்வெடுத்த ராஜரத்தினம் சாரு, சாப்பாட்டுல கொற சொல்றதுக்குன்னே பொறந்தவரு, அவரே எந்திரிச்சு வந்து எல்லாரும் கேக்கச் சொன்னாரு:

"பாக்கியம், முப்பது வருஷத்துல இந்த வாரந்தாம்மா ஒனக்குச் சம்பல் வெக்க வந்திருக்கு!"

சல்மா தலையில கைய வெச்சது

நாலாம் நா காலி டப்பாவக் கழுவி எடுத்துக்கிட்டுச் சல்மாகிட்ட போனேன். மூடியப் பாத்ததும் "அலமாக், ஆண்டி!"ன்னு தலையில கைய வெச்சுக்கிட்டா. இத எதுல போட்டீங்கன்னு கேட்டா. சொன்னேன்.

மொதல்ல என் வாயிலேருந்து வந்தது என்ன தெரியுமா? இப்ப நீ கேட்ட அதே கேள்விதான் கணேசா. யாருக்கும் தெரியாது சல்மா, நாளையிலேருந்து ஒழுங்கா போட்டுக்கிறேன், இத இப்படியே விட்டுருவோம், யாருக்கு என்ன கொறையப் போவுதுன்னேன். சல்மா, ஒரு கிலோ மொளகாய ஒரு ஆளுக்கு நிறுத்துப் போட்டு அனுப்பிட்டு, திரும்பி நின்னு மலாய்ல சொன்னா. அத அப்படியே நம்ம பாஷையில சொல்றேன்:

"எனக்கு ஒருத்தி தெரியாம பன்னி எண்ணெயில பொரிச்சுக் குடுத்துட்டான்னு வெச்சுக்குங்க ஆண்டி, சாப்பிட்ட எனக்குப் பாவம் இல்லதான், ஆனா அவளுக்குத் தெரிஞ்சப்பறமும் என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிக்கிட்டிருந்தான்னு எனக்குத் தெரிய வந்தா, அவ கையால தண்ணிகூட வாங்க மாட்டேன்."

மருமவ திருத்தின பேப்பரு

விமலா சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல மாரல் பாடம் எடுக்கிறா. நம்ம பிள்ளைங்க பரிச்சைக்கு எழுதுற நன்னெறிப் பாடந்தான். நான் கிண்டல் பண்ணுவேன், நல்லவனா இருக்கிறதுக்கு எதுக்கும்மா பரிச்சன்னு. பிள்ளைங்க எழுதுறதப் படிச்சுக் காட்டுவா, வயிறு வலிக்கச் சிரிப்போம். கீழ கெடந்த பர்ஸ ஏன் திருப்பிக் குடுக்கணும்னு கேட்டதுக்கு ஒரு பிள்ள, "மேல கேமரா இருக்கலாம்"னு எழுதியிருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் எனக்குச் சிரிப்பு வரல. அவ எதிர்ல ஒக்காந்து எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

"நான் வாசன வருதுன்னு சொன்னேன்ல அத்தை"ன்னா மொதல்ல. சொன்னதான். அப்பறம் ஒரு பழைய பேப்பரத் திருப்பிப் போட்டு நாலு கட்டம் போட்டா. ஒன் எண்ணம் என்ன? நீ குடுத்த வார்த்த என்ன? அதனால என்ன நடக்கும்? நீ அந்தாளு எடத்துல இருந்தா என்ன நெனப்ப? எந்தச் சங்கடத்தையும் இந்த நாலு பக்கத்துலேருந்தும் பாக்கணுமாம். நான் சொல்லச் சொல்ல அவ எழுதினா. எண்ணம் கெட்டது இல்ல. அதுக்கு அவ, "தெரியாம செஞ்சது வேற அத்தை, தெரிஞ்சுக்காம விட்டது வேற, ஒங்களோடது ரெண்டாவது"ன்னா. சுருக்குனு இருந்துச்சு, ஆனா எழுதுன்னேன். வார்த்த: சைவம்னு சொல்லித்தான் குடுத்தேன். நடக்கப்போறது: சொன்னா கலா ஒடஞ்சு போவா, சொல்லாட்டி ஒண்ணும் இல்ல. யாருக்கும் தெரியாதுன்னும் எழுதும்மான்னேன். பேனாவக் கீழ வெச்சுட்டா. "அது காரணம் இல்ல அத்தை, வசதி"ன்னா.

கடைசியா, நாலு கட்டமும் நெறஞ்சப்பறம், இப்ப நான் சொல்லணுமா வேணாமா, நீ டீச்சருதானே, ஒரு வார்த்த சொல்லித் தொலன்னேன். செவப்புப் பேனாவ எடுத்து அடுத்த பேப்பரத் திருத்த ஆரம்பிச்சுட்டா. தல நிமிராமச் சொன்னா:

"பதில மட்டும் எழுதினா எங்க பரிச்சையில மார்க்கு கெடையாது அத்தை, காரணம் எழுதினாத்தான் மார்க்கு."

ஏழு பேரு, ஏழு மூஞ்சி

கலாவச் சேத்து எட்டுப் பேரு அந்த மூணு நாளும் சாப்பிட்டவங்க. மறுநா கலா வரல. சேகர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போக நாலு நாளு லீவு. மத்த ஏழு பேருகிட்டயும் ஒவ்வொருத்தரா தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். முனியாண்டி கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. "அப்ப என் முட்டைய இனிமே பேசப்படாது, சரியா"ன்னு கை குடுத்துட்டுப் போனாரு. பூக்கட்டுற லெட்சுமி வாயக் கொப்பளிச்சுட்டு, மஞ்சத்தண்ணியத் தலையில தெளிச்சுக்கிட்டு, மறுநாளும் வந்து சாப்பிட்டா. ஒருத்தரு கடைய மாத்திக்கிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் என்னப் பாத்தா ரோட்டத் தாண்டிப் போயிருவாரு. போகட்டும், அவருக்கு அதுக்கு நாயம் இருக்கு.

எனக்கு மனசு ஒவ்வொரு ஆளுக்கும் கொஞ்சம் கொஞ்சமா லேசாகிக்கிட்டே வந்துச்சு. பெருமையாக்கூட இருந்துச்சு, பொய்யா சொல்லணும்? பரவாயில்ல பாக்கியம், நீ நேர்மையான பொம்பளன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கடைசியா ராஜரத்தினம் சாரு. கேட்டுட்டுக் கண்ணாடியக் கழட்டினாரு, தொடச்சாரு, மாட்டினாரு. கத்துவாருன்னு நெனச்சேன். கத்தல. சாதாரணமாத்தான் சொன்னாரு. நான் போட்டுக் குடுத்த டீயத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாரு:

"ஒன் மனசு லேசாகணும்னு என் மனசுல தூக்கி வெச்சுட்ட பாக்கியம், இதச் சொல்றதுக்கு முந்தி இது யாருக்காகன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியாம்மா?"

மன்னிப்பு கேக்காம சொன்னது

அந்தக் கேள்வி என்னத் தூங்க விடல. கலா வர இன்னும் நாலு நாளு இருக்கு. அவ சாரு மாதிரி இல்ல. அவளுக்கு அந்தப் பால்குடத்து மேலதான் புருஷனோட கண்ணு நிக்குது. நான் சொல்லி, நாளைக்கே கண்ணு வரலன்னா? சொல்லாம விட்டு, அவ நிம்மதியா குடத்தத் தூக்கிட்டு நடந்தா? தைப்பூசம் முடிஞ்சப்பறம் சொல்லிக்கலாம்னு ஒரு யோசன. அதுவே பாதகம் இல்லாத வழியாத் தோணுச்சு. தோச ஊத்திக்கிட்டே யோசிச்சதுல அன்னைக்கு ஆறு தோச கருகிப்போச்சு, நீகூட ரெண்டு தின்ன கணேசா, மொகத்தச் சுளிச்சுக்கிட்டு.

அப்பத்தான் முனியாண்டியோட முட்ட நெனப்புக்கு வந்துச்சு. விரதம் அவரோடதுன்னு அன்னைக்குப் பெருசாப் பேசினேனே, கலாவோட விரதம் மட்டும் என்னோடதா? இப்ப சொன்னா அத வெச்சு என்ன பண்றதுன்னு முடிவு பண்ண அவளுக்கு நாளு இருக்கு. தைப்பூசம் முடிஞ்சு சொன்னா அழறதத் தவிர அவளால ஒண்ணும் பண்ண முடியாது. அப்படிச் சொல்றதுதான் சாரு சொன்ன மாதிரி, என் பாரத்த எறக்கி வெக்கிறது. அதனால சொல்லணும், இப்பவே சொல்லணும். இன்னொண்ணும் முடிவு பண்ணேன். மன்னிச்சிருன்னு கேக்கக் கூடாது. கேட்டா அவ பரவாயில்ல பாட்டின்னு சொல்லியாகணும். எனக்காக அவ ஒரு வேல செய்யணும். ஏற்கெனவே அவ தலையில இருக்கிறது போதாதா?

அஞ்சாம் நா வந்தா. கண்ணு ரெண்டும் குழி விழுந்து போயிருந்துச்சு. தட்டக் குடுக்காம பக்கத்துல ஒக்காந்தேன். நடந்தது இன்னது, என் தப்பு இன்னது, சல்மா மேல தப்பு இல்ல, விமலா வாசன வருதுன்னு சொல்லியும் நான் கேக்கலன்னு எல்லாத்தையும் சொன்னேன். அழல. கையில வெச்சிருந்த ஃபேக்டரிக் கார்டத் திருப்பித் திருப்பிப் பாத்தா. மேசத் துணியில இருந்த சுருக்கத்த நீவி விட்டா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு, பையத் தோள்ல மாட்டிக்கிட்டுச் சாப்பிடாமப் போயிட்டா:

"மூணு நாளு, ராத்திரிக்குக் கட்டிக் குடுத்ததுலயுமா பாட்டி?"

சாமிக்குப் போதும், எனக்குப் பத்தல

ரெண்டு நாளு வரல. சிவப்பு நூல் கரண்டிய நான் கையில எடுக்கும்போதெல்லாம் பஸ் வர்ற பக்கந்தான் பாத்தேன். மூணாம் நா ஃபேக்டரி பஸ்ஸுலேருந்து எறங்கி நேரா வந்தா. ஒக்காரல. நின்னுக்கிட்டே பேசினா. கோயில் குருக்கள்கிட்ட போயிக் கேட்டிருக்கா. தெரியாமச் சாப்பிட்டதுல ஒரு தோஷமும் இல்லம்மா, நீ தைப்பூசத்துக்கே தாராளமா எடுக்கலாம்னு சொல்லியிருக்காரு. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. அப்பாடா, முருகா, முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

முடியல. அவ கணக்கு வேற. அன்னையிலேருந்து நாப்பத்தெட்டு நாளு எண்ணினா பங்குனி உத்திரத்துக்கு முன்னால வந்துருது. மொதல்லேருந்து திரும்ப இருக்கப் போறேன்னுட்டா. யாரும் அவளக் கட்டாயப்படுத்தல கணேசா. குருக்கள் வேணாம்னுதான் சொன்னாரு, சேகரும் வேணாம்னுதான் சொன்னான். நானும், ஒடம்பு என்னத்துக்குமா ஆகும்னு கெஞ்சினேன். மீன் கொழம்பு இல்லாம ஒருநா சோறு எறங்காத பொம்பள நான்னு அவளுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னா:

"சாமிக்குப் போதும்னு ஐயரு சொல்றாரு, எனக்குப் பத்தல பாட்டி, நான் திரும்ப இருக்கப் போறேன், இந்தத் தடவ நீங்களும் என்கூட இருக்கணும்."

கருப்புக் கண்ணாடி

மாசி மாசம் ஒருநா முனியாண்டிதான் சேதி கொண்டுவந்தாரு. சேகருக்குப் பாதிப் பார்வதானாம். வலது கண்ணுல எல்லாம் பொக மூட்டத்துல பாக்கிற மாதிரிதான் தெரியுமாம், அதுக்கு மேல வராதுன்னு டாக்டரு கைய விரிச்சுட்டாராம். நான் அடுப்ப அணைச்சுட்டு ஒக்காந்துட்டேன். முழுசா வந்திருந்தா நானும், பாத்தியா ஒண்ணும் ஆகலன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன். இப்ப பாதி வந்ததும் என் தப்பு மலையா நிக்குது. விமலாகிட்ட சொன்னேன். முழுசா வந்தாலும் பாதி வந்தாலும் அதே டப்பா, அதே மொளகா, அதே அவசரம், தப்பு எப்படி அத்தை கூடும் கொறையும்னு கேட்டா. மண்டைக்குப் புரியுது, நெஞ்சுக்குப் புரியல.

மறுநா மோட்டோவுல ரெண்டு பேரும் வந்து எறங்கினாங்க. கலா ஓட்ட, சேகரு பின்னால. கருப்புக் கண்ணாடி போட்டிருந்தான். இனிமே அண்ணாந்து கொல அறுக்க முடியாது, தோட்டத்து நர்சரியில செடிக்குத் தண்ணி ஊத்துற வேல தர்றாங்களாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். நான் கலாவத் தனியா இழுத்து, "அம்மா கலா, நான் அன்னைக்குப் போட்ட அந்த..."ன்னு ஆரம்பிச்சேன். கலா சிரிக்கல, கோவமும் படல. ஹெல்மெட்டக் கழட்டி மேச மேல வெச்சா:

"டாக்டரு முள்ளுன்னுதான் எழுதியிருக்காரு பாட்டி, பெலாச்சான்னு எழுதல, ரெண்டு பேருக்கும் தோச வையுங்க."

கணேசனுக்குச் சொல்ற பதிலு

சொல்லாம விட்டிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்னு கேட்டல்ல, சொன்னதுலதான் கொறஞ்சுச்சு. முந்தி மாதிரி கலா என் கைய மட்டும் பாத்துட்டுத் தட்ட வாங்குறதில்ல. இப்பல்லாம் கண்ணு ஒரு தடவ சிவப்பு நூலுக்குப் போயிட்டுத்தான் தட்டுக்கு வருது. அவளுக்கே அது தெரியாது. எனக்குத் தெரியும். பாக்கட்டும். நானும் கரண்டிய நல்லாத் தூக்கிப் பிடிச்சு, நூலு அவளுக்குத் தெரியிற மாதிரி வெச்சுத்தான் ஊத்துறேன். சொல்லாம விட்டிருந்தா அவ இன்னும் என் கையத்தான் பாத்துக்கிட்டிருப்பா. அந்தக் கைக்கு அந்தப் பார்வைய வாங்கிக்கிற யோக்கித இருந்திருக்காது கணேசா, அவ்வளவுதான் வித்தியாசம்.

ராஜரத்தினம் சாரு போன வாரம் திரும்பி வந்துட்டாரு. சம்பல ஒரு வாய் வெச்சுட்டு, பழைய மாதிரியே சுமாருதாம்மான்னு சொன்னாரு. எனக்கு அது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நாளைக்குப் பங்குனி உத்திரம். கலா பால்குடம் எடுக்கிறா, நான் பக்கத்துலயே நடக்கிறேன். சேகரு பின்னால வருவான். குடத்த வெளக்குற வேலைய மட்டும் என்கிட்ட விட்டுட்டா. புளி போட்டுத் தேச்சு வெளிய காய வெச்சிருக்கேன். நாப்பத்தெட்டு நாளும் முடிஞ்சுதான் போச்சு, ஆனா நாளைக்குக் குடம் கோயிலுக்குப் போற வரைக்கும் இந்த வீட்டுல எல்லாருக்கும் சைவந்தான். பாவம் விமலா, நாலு கட்டம் போட்டுக் குடுத்த பாவத்துக்கு அவளும் தயிர்ச் சோறுதான் தின்னுக்கிட்டிருக்கா.

ஆக, முப்பது வருஷமா ஊருக்கே விரதச் சாப்பாடு போட்ட நான், என் ஆயுசுல மொத மொதல்ல முழுசா விரதம் இருந்தது சாமிக்காக இல்ல, ஒரு டப்பாவக் காட்டி ஒரு வார்த்த கேக்காததுக்காக.

அய்யோ, ஜெராய் மலைப் பக்கம் பாரு, கருகருன்னு கட்டிக்கிட்டு வருது. கணேசா, எந்திரிச்சுப் போயி அந்தக் குடத்த... நில்லு, நில்லு. மத்தியானம் என்ன சாப்பிட்ட? மீனா? அப்ப நீ தொடாத, அங்கயே இரு. விமலா! ஏம்மா விமலா! பேப்பர அப்படியே வெச்சுட்டுக் கையக் கழுவிட்டுப் போயி, மழ வர்றதுக்குள்ள கலாவோட குடத்த உள்ள எடுத்துட்டு வா!